ஏழு கையெழுத்தா, நூறு பேரா?

சட்டக் கேள்வி–பதில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொழிற்சங்கம் வைப்பது பற்றியவை. எழுதியவர்கள் அத்தனை பேரும் “பெயர் போட வேண்டாம் அம்மா” என்றுதான் முடித்திருக்கிறார்கள். சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு கொடுத்த உரிமை. அந்த உரிமையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவே வேலூர் வட்டாரத்தில் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. சரி, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இத்தனை காலம் நாம் பேசி வந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பதிவு விஷயத்தில் பழைய விதிகளில் பெரும்பாலானவை அதில் அப்படியே இருக்கின்றன. மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தை மட்டும் யாரோ வைத்திருக்கும் பழைய ஜெராக்ஸை நம்பி நிரப்பாமல், தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் லைனில் இருக்கிறேன். மொத்தம் 640 பேர், முக்கால்வாசி பெண்கள். சங்கம் வைக்கலாம் என்று 11 பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். 100 பேர் வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட 7 பேர் போதும். 1926-இல் இருந்து அப்படித்தான். ஆனால் 2001-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2002 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி விண்ணப்பம் கொடுக்கும் நாளில் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். எப்படியும் 7-க்குக் குறையக் கூடாது. புதிய சட்டமும் இதையே வைத்துக்கொண்டது.

உங்கள் 640-க்கு 64 பேர். ஆனால் 640 என்பது நீங்கள் சொல்கிற கணக்கு. மஸ்டர் ரோல் என்கிற தொழிலாளர் பதிவேடு கம்பெனியின் பீரோவில் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் “எங்களிடம் 900 பேர், பக்கத்து யூனிட்டும் சேர்த்தி” என்று ஒரு கடிதம் கொடுத்தால், 64 பேரை வைத்துக்கொண்டு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் என்னைக் கேட்டால் 64-இல் நிற்காதீர்கள், 100-ஐத் தாண்டுங்கள். 100 பேர் இருந்துவிட்டால் கம்பெனியில் 900 பேரா 9,000 பேரா என்ற விவாதமே எழாது.

இப்போது கையெழுத்துக்கு வருவோம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விண்ணப்பித்த பிறகு, பதிவு ஆவதற்கு முன், கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வரை விலகினாலும் விண்ணப்பம் செல்லும். பாதிக்கு மேல் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 7 பேர் மட்டும் போட்டிருந்தால் 3 பேர் விலகலாம், நான்காவது ஆளோடு விண்ணப்பம் ஆட்டம் கண்டுவிடும். இந்தக் கணக்கு எச்.ஆர். மேலாளர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ராணிப்பேட்டைப் பக்கத்து வழக்கு ஒன்றில் பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். விண்ணப்பம் போன சில நாட்களிலேயே கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் பதிவாளருக்கு வரிசையாக விலகல் கடிதங்கள் வந்தன. எல்லாக் கடிதத்திலும் ஒரே எழுத்துரு, ஒரே வாசகம். “என்னவென்று தெறியாமல் கையொப்பமிட்டேன்” என்று எல்லாவற்றிலும் அதே வல்லின ‘றி’. தனித்தனியாக மனம் மாறியவர்கள் எல்லாரும் ஒரே எழுத்துப்பிழையைச் செய்வார்களா? கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எச்.ஆர். இல்லாத அறையில் ஒவ்வொருவரையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தோம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்ன பிறகுதான் விண்ணப்பம் பிழைத்தது.

அதனால் 7 பேரோடு நிறுத்தாமல் 20, 25 பேர் கையெழுத்துப் போடுங்கள். எல்லாரும் தையல் லைனாக இருக்கக் கூடாது. கட்டிங், லாஸ்டிங், பேக்கிங், ஸ்டோர் என்று எல்லாப் பகுதியிலிருந்தும் ஆள் வேண்டும், அப்போதுதான் ஒரு சூப்பர்வைசரை வைத்து எல்லாரையும் மடக்க முடியாது. புரொபேஷனில் இருப்பவர்களை உறுப்பினராகச் சேருங்கள், ஆனால் கையெழுத்துப் போட முன்னால் தள்ளாதீர்கள்.

ஒவ்வொருவரும் அந்தக் கம்பெனித் தொழிலாளிதான் என்பதற்கு ஆதாரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ் புத்தகத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும் பக்கம், எதுவானாலும் சரி. பிறகு கேட்டால் “இவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்” என்பார்கள். அப்படியே கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் சங்கத்தில் சேரத் தடை இல்லை. தொழிலில் வேலை செய்கிற எல்லாரையும் சங்க விஷயத்தில் சட்டம் தொழிலாளி என்றே சொல்கிறது, யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று பார்ப்பதில்லை. அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டவர்கள் கதை வேறு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் அவர்களைப் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. அவர்களை எண்ணிக்கையில் காட்டி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

இன்னொன்று, கம்பெனி பஸ்ஸில் இதைப் பேசாதீர்கள். பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் வருகிற பஸ்ஸில்தான் எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்கிறது, தெரியும். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று முன் சீட்டில் இருந்து பார்த்துக்கொண்டே வர ஒரு ஆளும் அதே பஸ்ஸில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டில் கூடுங்கள். தீர்மான நோட்டில் தேதி, இடம், வந்தவர் பெயர், எல்லார் கையெழுத்தும் இருக்கட்டும். சங்கம் அமைப்பது, விதிகளை ஏற்பது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது என்று மூன்று தீர்மானங்களையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை செய்கிறேன். சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயரைச் சேர்த்து விண்ணப்பித்தோம். அது டிரேட்மார்க், பயன்படுத்தக் கூடாது என்கிறது நிர்வாகம். பதிவு எண் வரும்வரை கூட்டம் போட்டாலே சட்டவிரோதம் என்றும் எச்.ஆர். சொல்கிறார்.

இரண்டாவதற்கு முதலில் பதில். பதிவு ஆகாத சங்கம் சட்டவிரோதமான சங்கம் அல்ல. பதிவு செய்தே தீர வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. பதிவு செய்தால் பாதுகாப்பு கிடைக்கும், அவ்வளவுதான். வேலைநிறுத்தம் பற்றிப் பேசியதையே குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது, நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு வந்ததற்கே சென்னைதான் காரணம். 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் பொறுப்பில் இருந்தார். ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கியது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது புகார். சங்கத் தலைவரை இப்படி வழக்கில் மாட்டலாம் என்றால் சங்கம் எப்படி நடக்கும் என்று தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் எழுப்பிய குரல்தான் ஐந்தாறு வருடம் கழித்து 1926-ஆம் ஆண்டுச் சட்டமானது.

இனி பெயர். ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தின் பெயரைப் போலவே இருந்து ஆளை ஏமாற்றக் கூடாது, சட்டத்தில் பெயர் பற்றி இருக்கும் தடை இது ஒன்றுதான். டிரேட்மார்க் சட்டம் சரக்கையும் சேவையையும் விற்கிறவர்களுக்கானது. உங்கள் சங்கம் எதையும் விற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்களிடமும் இதே ஆட்சேபத்தைத்தான் எழுப்பினார்கள். 2024 நடுவில் விண்ணப்பித்தார்கள். செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பதிவு மட்டும் நகரவில்லை. உயர் நீதிமன்றம் போய், பதிவாளர் ஆறு வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிய பிறகு, 2025 ஜனவரி 27-இல் கம்பெனிப் பெயரோடே பதிவு ஆனது.

அந்த வழக்கில் எனக்குப் பெயரைவிடப் பெரிதாகப் பட்டது காலதாமதம்தான். இத்தனை நாளைக்குள் பதிவு செய் அல்லது மறுத்துவிடு என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவாளருக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மறுக்காமல், கொடுக்காமல், “பரிசீலனையில் உள்ளது” என்று வைத்திருந்தால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? நிர்வாகத்தின் கருத்தைக் கேட்டுத்தான் பதிய வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. கூடுதல் விவரம் வேண்டுமென்றால் பதிவாளர் சங்கத்திடம் கேட்கலாம். நடைமுறையில் கம்பெனிக்கு ஒரு கடிதம் போகும், கம்பெனி வழக்கறிஞர் பத்துப் பக்கத்தில் பதில் தருவார், அந்தப் பத்துப் பக்கத்துக்கு நம்மிடம் விளக்கம் கேட்பார்கள். இந்தச் சங்கிலிக்குள் சிக்கிவிட்டால் நினைவூட்டல் கடிதம் எழுதியே வருடம் ஓடிவிடும். இரண்டு நினைவூட்டல் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொண்டு, முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுவிடுங்கள். கோர்ட் செலவுக்கு வழியில்லை என்றால் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு ‘ராணிப்பேட்டை சிப்காட்’ என்று ஊர்ப் பெயரோடு பதியுங்கள். எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை.

குடியாத்தம். எங்கள் தெருவில் 38 பொம்பளைங்க வீட்டிலேயே பீடி சுற்றுகிறோம் அக்கா. ஏஜென்ட் இலையும் தூளும் குறைச்சலாகக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை குறைந்தால் கூலியில் பிடிக்கிறார். நாங்களே ஒரு சங்கம் பதிய முடியுமா?

முடியும் தங்கச்சி, ஆனால் 38 பேர் போதாது. வீட்டில் சுற்றினாலும் நீங்கள் தொழிலாளிதான். 2025 நவம்பர் வரை இருந்த 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அதைத் தெளிவாகவே சொன்னது. 2001 திருத்தம் உங்களைப் போன்றவர்களைத்தான் அதிகமாக அடித்தது. கம்பெனித் தொழிலாளிக்கு 10 சதவீதம் என்பது ஒரு கேட்டுக்குள் இருக்கும் ஆட்களை வைத்துப் போடும் கணக்கு. உங்களுக்குக் கேட்டே இல்லை. அதனால் மொத்தத் தொழிலையும் வைத்துப் பார்ப்பார்கள். அதில் 10 சதவீதம் எங்கேயோ போய் நிற்கும், எனவே 100 பேர் என்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். அதற்கு முன்னால் என்றால் ஒரு தெருப் பெண்கள் 7 பேர் சேர்ந்தே பதிந்திருக்கலாம். வெளியாட்கள் நுழைந்து போலிச் சங்கம் வைப்பதைத் தடுக்கத்தான் என்றார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களும் தெருவில் கடை போடுகிறவர்களும் போலிச் சங்கம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்துத் தெரு, பேரணாம்பட்டு ரோட்டுப் பக்கம் எல்லாம் சேர்த்தால் 100 பேர் வந்துவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் வரும். இலை, பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் ஒருத்தி பெயரில் இருக்கும், அந்தக் கணக்கில் மாமியாரும் மருமகளும் நாத்தனாரும் சுற்றுவார்கள். ஏஜென்ட்டுக்கு அது வசதி, பி.எஃப். கட்ட வேண்டிய தலை குறைகிறது. சங்கத்தில் சேரும்போது நாத்தனாருக்கு ஆதாரமே இருக்காது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறவர்களை முதலில் சேருங்கள். இல்லாதவர்களுக்கு அட்டை வாங்குவதையே சங்கத்தின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தா பெரிய சுமை ஆகாது, அமைப்புசாராத் தொழிலாளிக்கு வருடத்துக்குக் குறைந்தது 3 ரூபாய் என்றுதான் பழைய சட்டம் வைத்திருந்தது. உங்களைப் போன்ற அமைப்புசாராத் தொழிலில் நிர்வாகிகளில் பாதிப் பேர் வெளியாளாகவும் இருக்கலாம், அதனால் கணக்கு எழுதத் தெரிந்த டீச்சரோ வழக்கறிஞரோ உள்ளே வரலாம். ஏஜென்ட்டின் மச்சானைத் தலைவராகப் போட்டுவிடாதீர்கள். குடியாத்தத்தில் அதுவும் நடந்திருக்கிறது.

இவ்வளவும் முடியாது என்றால் ஏற்கெனவே பதிவான பீடித் தொழிலாளர் சங்கம் ஒன்றில் கிளையாகச் சேர்ந்துவிடுங்கள். தனிப் பதிவு எண்ணுக்காகக் காத்திருந்தால் இலைக் குறைச்சலைக் கேட்க ஆள் இருக்காது.

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அரசு ஊழியர்: எங்கள் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிய முடியாதா?

முடியாது. தமிழ்நாடு என்.ஜி.ஓ. யூனியன் (கெசட் பதவி இல்லாத அரசு ஊழியர்களின் சங்கம்) கேட்டுப் பார்த்தது. அரசின் இறையாண்மைப் பணியைச் செய்பவர்கள் இந்தச் சட்டத்தின்படி தொழிலாளி ஆக மாட்டார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராஜ்பவனில் சமைப்பவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள் கேட்டதற்கும், அங்கே நடப்பது தொழிலோ வியாபாரமோ இல்லை என்று அதே நீதிமன்றம் மறுத்தது. இரண்டும் 1962-இல் சட்ட இதழ்களில் வெளிவந்த தீர்ப்புகள். சங்கமாகக் கூடலாம், அரசு அங்கீகரிக்கலாம், தொழிற்சங்கப் பதிவு மட்டும் இல்லை. காவலர்களுக்கு 1966-இல் தனிச் சட்டமே போட்டுக் கதவை மூடிவிட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமை பற்றிய 87, 98-ஆம் உடன்படிக்கைகளுக்கு இந்தியா இன்றுவரை ஒப்புதல் அளிக்காததற்கு அரசு ஊழியர் விவகாரத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். போக்குவரத்துக் கழகம் போன்ற நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும், மாநகராட்சியில் கான்ட்ராக்டில் குப்பை அள்ளுபவர்களுக்கும் இந்தத் தடை இல்லை.

வாணியம்பாடி டேனரி ஒன்றில் 22 வருடம் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தேன். பிள்ளைகள் என்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். வெளியாள் என்று தடுப்பார்களா?

தடுக்க முடியாது ஐயா. ஓய்வு பெற்றவரையும் ஆட்குறைப்பில் போனவரையும் வெளியாளாகக் கருதக் கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. டிஸ்மிஸ் ஆனவரைப் பற்றி அந்த விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அங்கேதான் சண்டை வரும். அப்படி ஒருவர் உங்களோடு இருந்தால் அவரை வெளியாள் கணக்கிலேயே வைத்துவிடுங்கள். நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரை வெளியாள் இருக்கலாம். 9 நிர்வாகிகள் என்றால் 3 பேர். மந்திரி நிர்வாகி ஆகக் கூடாது. அந்தக் கவலை உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

பதிவு எண் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கோரிக்கை மனுவைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். “பதிவு ஆனால் என்ன, நாங்கள் அங்கீகரிக்கவில்லை” என்கிறார்கள். — மேல்விஷாரம்

பதிவும் அங்கீகாரமும் வேறு வேறு என்பது உண்மைதான். சங்கம் வைக்கும் உரிமைக்குள் நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் வங்கி ஊழியர் வழக்கில் சொன்னது. மகாராஷ்டிரத்திலும் கேரளத்திலும் அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. தொழிற்சங்கத்தின் தாய்வீடு என்று பெருமை பேசும் நம் மாநிலத்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. 1958-ஆம் ஆண்டு ஒழுங்கு நெறி என்று ஒரு தாளைக் காட்டி ஒப்பேற்றினோம். அதை மீறினால் தண்டனை எதுவும் கிடையாது.

புதிய தொகுப்புச் சட்டம் இதில் ஒரு வழி வைத்திருக்கிறது. நிறுவனத்தில் ஒரே சங்கம்தான் என்றால், நிர்ணயித்த தகுதிகளுக்கு உட்பட்டு அதை அங்கீகரிக்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால் மஸ்டர் ரோலில் 51 சதவீதம் பேரை வைத்திருப்பது பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. இதைப் படித்ததும் நிர்வாகங்களுக்கு என்ன தோன்றும் என்று ஊகிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கம்பெனியில் இன்னும் ஆறு மாதத்தில் இரண்டாவது சங்கம் ஒன்று முளைக்கலாம். அதன் செயலாளர் நிர்வாக ஜீப்பில் வந்து இறங்கலாம். முந்திக்கொண்டு 51-ஐத் தாண்டிவிடுங்கள்.

அங்கீகாரம் இல்லாவிட்டாலும் தொழில் தகராறு எழுப்பச் சங்கத்துக்குத் தடை இல்லை. கேட்டில் திரும்பிய மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், நகலைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்குக் கொடுங்கள். அவர் அழைத்தால் நிர்வாகம் வந்துதான் ஆக வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவது, மாற்றுவது, நீக்குவது எல்லாம் நியாயமற்ற தொழில் நடைமுறை. பழைய சட்டத்தில் இதற்கு ஆறு மாதச் சிறை என்று இருந்தது. அரசு புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும் என்பதால் இந்தப் பக்கத்தில் எந்த மேனேஜரும் இதற்காக உள்ளே போய் நான் பார்த்ததில்லை. இப்போது 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆத்திரத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் மெஷினை நிறுத்திவிடாதீர்கள். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். சட்டத்தை மீறினால் பதிவை ரத்து செய்யவும் புதிய சட்டம் பதிவாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது. பழைய சட்டத்தில் இருந்ததைவிட அகலமான அதிகாரம் அது.

எங்கள் சங்கம் 1990களில் பதிவானது. இடையில் சில வருடம் ஆண்டறிக்கை அனுப்பவில்லை. பதிவு போய்விடுமா? — காட்பாடி

ஆண்டறிக்கை அனுப்பாததற்கு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் 5 ரூபாய், எத்தனை வாரம் தாமதித்தாலும் மொத்தம் 50-ஐத் தாண்டாது. கடைசிவரை அந்தத் தொகையை யாரும் மாற்றவே இல்லை. அபராதம் பெரிதில்லை என்று சங்கங்கள் அசட்டையாக இருந்தன. அதே காரணத்தைச் சொல்லிப் பதிவையே ரத்து செய்ய முடியும் என்பதை மறந்துவிட்டன. ரத்து செய்யும் முன் நோட்டீஸ் தர வேண்டும், புதிய சட்டத்தில் 60 நாள். அந்த நோட்டீஸ் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். 90களில் நீங்கள் கொடுத்த முகவரி ஏதாவது டீக்கடை மாடி அறையாக இருக்கும், அந்தக் கட்டடமே இப்போது இருக்கிறதோ என்னவோ.

பழைய சட்டத்தில் பதிவான சங்கம் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. விதிகளைப் புதிய சட்டத்துக்கு ஏற்பத் திருத்திவிட்டோம் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கையும் 10 சதவீதம் அல்லது 100-க்குக் கீழே இறங்கக் கூடாது, எனவே சந்தா ரசீது அடிக்கட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். விடுபட்ட வருடக் கணக்குகளைத் தணிக்கை செய்து, முகவரி மாற்றக் கடிதத்தோடு சேர்த்து இந்த மாதமே பதிவாளரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.